இலைக்கு வரி இல்லை... ஆனால் கணக்கு உண்டு!

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி ஒன்றிலிருந்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை என்னைப் பார்க்க வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஃபாரம் 16, வங்கி பாஸ்புக், தேயிலை ஃபேக்டரியில் கொடுத்த இலைச் சீட்டுகள் ஒரு கட்டு.

“சார், வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு பட்ஜெட்ல சொன்னாங்க. என் சம்பளம் அதுக்குள்ளதான். தேயிலைக்கும் வரி கிடையாது. ஆனா பையன் கம்ப்யூட்டர்ல ரெண்டையும் போட்டுப் பார்த்தா 52,000 ரூபாய் வரி காட்டுது. ‘இலைப் பணத்தை எடுத்துட்டா ஜீரோ வருதும்மா, எடுத்துடலாமா?’ன்னு கேக்கறான். எடுத்துடலாமா சார்?”

நீலகிரியில் சீசன் தவறாமல் வரும் கேள்வி இது. குன்னூரில் வங்கி ஊழியர், ஊட்டியில் மின்வாரிய ஊழியர், பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு ஊரில் தோட்டம் வைத்திருப்பவர் என்று எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ‘வரி இல்லை’ என்பதை ‘காட்ட வேண்டாம்’ என்று புரிந்துகொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஹோம்ஸ்டே, சாக்லேட் கடை நடத்துபவர்களுக்கும், ஆள் வைத்து வேலை வாங்குபவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது.

முதலில், இலைக்கு ஏன் வரி இல்லை?

வேளாண் வருமானத்துக்கு வரி போடும் உரிமையை நம் அரசியலமைப்பு மாநிலங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. மத்திய அரசு வசூலிக்கும் வருமான வரியில் வேளாண் வருமானத்துக்கு விலக்கு உண்டு. சொந்தத் தோட்டத்தில் பறித்த பசுந்தேயிலையை அப்படியே ஃபேக்டரிக்குக் கொடுத்தால் வரும் பணம் முழுக்க வேளாண் வருமானம். கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், பூண்டு எல்லாம் அப்படித்தான். கேரட்டைக் கழுவி, தரம் பிரித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினாலும் அது விவசாயம்தான். தோட்டத்தை விவசாயத்துக்காகக் குத்தகைக்கு விட்டு வாங்கும் பணமும், நாற்றுப்பண்ணையில் வளர்த்த நாற்றுகளை விற்று வரும் பணமும்கூட இதே கணக்குதான்.

ஆனால் 1970-களின் தொடக்கத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஒருவருக்குச் சம்பளமும் வருகிறது, தோட்டமும் இருக்கிறது. இன்னொருவருக்குச் சம்பளம் மட்டும்தான். இரண்டு பேரும் ஒரே வரி கட்டினால் அது நியாயமா? பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தலைமையிலான குழு 1972-ல் இதற்கு ஒரு வழி சொன்னது. விவசாய வருமானத்துக்கு வரி போட வேண்டாம். ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று முடிவு செய்யும்போது அதையும் சேர்த்துப் பார்க்கலாம். 1973-ம் ஆண்டு நிதிச் சட்டத்தில் இது இடம்பெற்றது. இன்றுவரை தொடர்கிறது. நம் டீச்சரின் கம்ப்யூட்டரில் வரி காட்டியது இதனால்தான்.

இப்படிச் சேர்ப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, செலவு போக விவசாய வருமானம் வருடத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். இரண்டு, மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்ட வேண்டும். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் அந்த வரம்பு 4 லட்சம் ரூபாய். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் சேர்க்க வேண்டியதில்லை.

ஆகவே, இலை வருமானம் மட்டுமே உள்ளவருக்கு, அது எத்தனை லட்சமாக இருந்தாலும், வருமான வரி இல்லை. பென்ஷன் மூன்றரை லட்சம், இலையில் நான்கு லட்சம் என்றிருக்கும் பெரியவருக்கும் வரி இல்லை. சிக்கல் எல்லாம் நல்ல சம்பளமும் தோட்டமும் சேர்ந்து உள்ளவர்களுக்குத்தான்.

டீச்சரின் கணக்கு

டீச்சரின் வருடச் சம்பளம் 11,75,000 ரூபாய். நிலையான கழிவு 75,000 போனால் 11 லட்சம். கணவர் காலமான பிறகு ஏழு ஏக்கர் தோட்டம் பட்டாவோடு அவர் பெயருக்கு வந்திருக்கிறது. ஃபேக்டரியிலிருந்து வருடத்தில் வந்த இலைப் பணம் 7 லட்சம். பறிப்புக் கூலி, உரம், மருந்து, கவாத்துச் செலவு எல்லாம் சேர்த்து 3 லட்சம். கையில் நின்றது 4 லட்சம்.

கணக்கு இப்படிப் போகும்:

1. சம்பளம் 11 லட்சம், இலை 4 லட்சம், ஆக 15 லட்சம். இதற்குப் புதிய முறையில் வரி 1,05,000 ரூபாய்.

2. இலை 4 லட்சம், அடிப்படை விலக்கு 4 லட்சம், ஆக 8 லட்சம். இதற்கு வரி 20,000 ரூபாய்.

3. முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 85,000 ரூபாய்.

4. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி உண்டு. ஆனால் அதிகபட்சம் 60,000 ரூபாய்தான். மீதி 25,000.

5. இதன் மேல் 4% செஸ் 1,000 ரூபாய். கட்ட வேண்டியது 26,000 ரூபாய்.

‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற அறிவிப்பு பொய்யில்லை. ஆனால் அது வருமானத்தையே விலக்கிவிடுவதில்லை. வரும் வரியில் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி கொடுக்கிறது, அவ்வளவுதான். சம்பளம் மட்டும் உள்ளவருக்கு 12 லட்சத்துக்கு வரும் வரியே சரியாக 60,000 என்பதால் எல்லாம் அடிபட்டுப் போகிறது. தோட்டமும் இருந்தால், வரி அதைத் தாண்டி மேலே போய்விடுகிறது.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம். சம்பளம் 9 லட்சம், இலை 3 லட்சம் என்றால் இதே முறையில் வரி 45,000 ரூபாய்தான் வரும். அது தள்ளுபடிக்குள் அடங்கிவிடும். கட்ட வேண்டியது பூஜ்யம். காட்டினால் நிச்சயம் வரி வரும் என்று நினைத்துக்கொண்டு, கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே மறைப்பவர்கள் நிறையப் பேர்.

பையன் செய்த ஒரு தப்பு

டீச்சரின் மகனுக்கு 52,000 காட்டியது, எனக்கு 26,000 வந்தது. எப்படி?

பையன் ஃபேக்டரியிலிருந்து வங்கிக்கு வந்த 7 லட்சத்தையும் அப்படியே வருமானமாகப் போட்டிருக்கிறான். சேர்க்க வேண்டியது மொத்த இலைப் பணத்தை இல்லை, செலவு போக நின்றதை மட்டும்தான். பறிப்புக் கூலி, உரம், மருந்து, கவாத்து, இலை ஏற்றிப்போன வண்டி வாடகை, நில வரி, பயிர்க் கடனுக்குக் கட்டிய வட்டி, பறிக்கும் இயந்திரத்தின் தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கலாம்.

“சீட்டு வெச்சிருக்கீங்களா டீச்சர்?” என்று கேட்டேன்.

“உரத்துக்கு பில் இருக்கு சார். பறிக்கற அக்காங்களுக்குக் கையிலதான் குடுக்கறேன். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி, பெயர், எத்தனை கிலோ, எவ்வளவு கூலி என்று ஒவ்வொரு வாரமும் எழுதி, பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருந்தார். நல்ல பழக்கம். அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் 3 லட்சம் செலவுக்கு அவரிடம் ஆதாரம் இருந்திருக்காது. 80 பக்க நோட்டு ஒன்று 26,000 ரூபாயை மிச்சம் செய்திருக்கிறது.

விலை படுத்த வருடத்தில் செலவு வரவைத் தாண்டி நஷ்டம் வந்தாலும் எழுதி வையுங்கள். அந்த நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டுகள் வரை, வரும் விவசாய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கணக்கு இருந்தால்தான் கழிக்க முடியும்.

எந்த ஃபாரம்?

சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடுவது ஐ.டி.ஆர்-1. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அதைப் போடக் கூடாது; ஐ.டி.ஆர்-2 போட வேண்டும். ஹோம்ஸ்டே, கடை என்று தொழிலும் இருந்தால் ஐ.டி.ஆர்-3. சிறுதொழில்காரர்களுக்கான சுலபமான ஐ.டி.ஆர்-4-க்கும் அதே 5,000 ரூபாய் வரம்புதான். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் எந்த மாவட்டம், பின்கோடு என்ன, எவ்வளவு பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்ற விவரங்களையும் கேட்பார்கள்.

டி.டி.எஸ். போக இன்னும் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் கட்ட வேண்டிவரும் என்று தெரிந்தால், ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணைகளில் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். தவறினால் வட்டி சேரும். தொழில் வருமானம் இல்லாத, 60 வயது தாண்டியவர்களுக்கு இந்தத் தவணைத் தொல்லை கிடையாது.

போன வருடங்களில் இலையைக் காட்டாமல் விட்டவர்கள் என்ன செய்வது? திருத்திய ரிட்டர்னுக்கான கெடு முடிந்திருந்தாலும், ‘ஐ.டி.ஆர்-யு’ என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போட 48 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. முதல் 12 மாதத்துக்குள் போட்டால், கட்ட வேண்டிய வரி, வட்டியோடு அதில் 25% கூடுதலாகக் கட்ட வேண்டும். தள்ளிப்போடப் போட இது 50, 60, 70% என்று ஏறும். துறையே கண்டுபிடித்து, வேண்டுமென்றே தவறாகக் காட்டியது என்று முடிவு செய்தால் அபராதம் தப்பிய வரியில் 200%.

“அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்று டீச்சர் கேட்டார். ஃபேக்டரிக்காரர்கள் இப்போது பெரும்பாலும் வங்கியில்தான் பணம் போடுகிறார்கள். சேமிப்புக் கணக்குகளில் வருடத்துக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டினால் வங்கி தெரிவித்துவிடும். இலைப் பணத்தை டெபாசிட்டில் போட்டால் அதன் வட்டியும் பதிவாகும். அந்த வட்டிக்கு வரி விலக்கு இல்லை. பணம் தேயிலையில் வந்ததுதான் என்றாலும் வட்டி விவசாய வருமானம் ஆகாது. துறையின் இணையதளத்தில் ‘ஏ.ஐ.எஸ்.’ என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கிறது. ரிட்டர்ன் போடும் முன் அதை ஒரு முறை திறந்து பாருங்கள்.

இலை தூளானால் கணக்கு மாறும்

இப்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சில குடும்பங்கள் சொந்த இலையில் கிரீன் டீ, ஒயிட் டீ என்று தாங்களே தயாரித்து விற்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் பசுந்தேயிலை, தேயிலைத் தூளாக மாறியதும் வரிக் கணக்கும் மாறிவிடும். சொந்த இலையில் தயாரித்த தேயிலையின் லாபத்தில் 60% விவசாய வருமானம், 40% தொழில் வருமானம். அந்த 40 சதவீதத்துக்கு வரி உண்டு. பெரிய எஸ்டேட் கம்பெனிகளுக்கும் இதே விதிதான். பட்டுப்போன செடிகளுக்குப் பதில் புதுச் செடி நட்ட செலவையும் இந்தக் கணக்கில் கழிக்கலாம்.

பக்கத்துத் தோட்டத்து இலையையும் வாங்கிச் சேர்த்தால், அந்தப் பங்குக்கு 60:40 கிடையாது. விலைக்கு வாங்கிய இலையில் வரும் லாபம் முழுக்கத் தொழில் வருமானம். எனவே சொந்த இலை எத்தனை கிலோ, வாங்கிய இலை எத்தனை கிலோ என்று தினமும் தனித்தனியாக எழுத வேண்டும்.

கூடலூர், பந்தலூர் காபிக்காரர்களுக்கு: சொந்தக் காபியைப் பதப்படுத்தி விற்றால் 25% தொழில் வருமானம். வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40%.

தோட்டத்தில் வந்த பணமெல்லாம் இலைப் பணம் இல்லை

தோட்டத்தில் சினிமா ஷூட்டிங் நடத்த வாடகை வாங்கினீர்களா? செல்போன் டவருக்கு இடம் கொடுத்தீர்களா? கல்யாண போட்டோ எடுப்பவர்களிடம் கட்டணம் வாங்கினீர்களா? நிலம் விவசாய நிலம்தான். ஆனால் அதை விவசாயம் அல்லாத வேலைக்குக் கொடுத்து வாங்கும் பணம் விவசாய வருமானம் ஆகாது. அதற்கு வரி உண்டு.

தோட்டத்து வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கினாலும் இதே நிலைதான். அறையும் சாப்பாடும் கொடுத்து நடத்தினால் அது தொழில். விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் உத்தேச லாப முறை உங்களுக்கு உதவும். வங்கி, யு.பி.ஐ. வழியாக வந்த தொகைக்கு 6%, ரொக்கத்துக்கு 8% லாபம் என்று குறைந்தபட்சம் காட்டினால் போதும். விரிவான கணக்குப் புத்தகம் தேவையில்லை. உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகமாகத்தான் காட்ட வேண்டும்.

ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் கவனிக்க மூன்று விஷயங்கள்:

• புக்கிங் ஆப் வழியாக விருந்தினர் வந்தால், ஆப் நடத்தும் நிறுவனம் உங்கள் மொத்தத் தொகையைத் துறைக்குத் தெரிவிக்கிறது. வருடத்துக்கு 5 லட்சம் தாண்டினால் 0.1% டி.டி.எஸ். பிடிக்கிறது. அங்கே பதிவாவது, கமிஷன் போக உங்கள் கைக்கு வந்த பணம் இல்லை. விருந்தினர் கொடுத்த முழு வாடகை. ரிட்டர்னிலும் முழு வாடகையையே விற்றுமுதலாகக் காட்டுங்கள்.

• சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு வருடத்துக்கு 20 லட்சம். இந்த மொத்த விற்றுமுதலில் வரி விலக்கு உள்ள விற்பனையும் சேரும் என்று சட்டம் சொல்கிறது. ஹோம்ஸ்டேயில் 14 லட்சம், அதே பான் எண்ணில் இலை 7 லட்சம் என்று இருந்தால் ‘நான் வரம்புக்குள்தான் இருக்கிறேன்’ என்று நீங்களாக முடிவு செய்யாமல் ஆலோசகரைக் கேளுங்கள்.

• பதிவு செய்தவர்கள், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5% ஜி.எஸ்.டி. வாங்க வேண்டும். முன்பு 12% இருந்தது. பழைய பில் புத்தகத்தையே வைத்துக்கொண்டு 12% போடாதீர்கள்.

சாக்லேட் டப்பாவும் கூரியரும்

ஊட்டியில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் பெண்கள் நிறைய உண்டு. பொருள் மட்டும் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு 40 லட்சம். அதுவரை கவலை இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரே ஒரு பொறி உண்டு. கூரியர்.

கடைக்கு வந்த சுற்றுலாப் பயணி கையில் வாங்கிப் போனால் அது பொதுவாக உள்ளூர் விற்பனைதான். அதே ஆள் ஊருக்குப் போய், “அக்கா, அதே டார்க் சாக்லேட் ரெண்டு கிலோ பெங்களூருக்கு அனுப்புங்க” என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, நீங்கள் அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். சிறு உற்பத்தியாளர்களுக்கான 1% காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் வெளிமாநிலத்துக்கு அனுப்பக் கூடாது. கூரியர் ஆர்டர்கள் பெருகுகின்றன என்றால் முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். சாக்லேட்டுக்கான ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பதிவு முன்பு போல் பெரிய சுமையாக இருக்காது.

ஆள் வைத்திருப்பவர்களுக்கு

ஹோம்ஸ்டே, பேக்கரி, சின்ன ஃபேக்டரி என்று எதுவானாலும், ஊழியர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். ஒரு நாள் தாமதமானாலும், ஊழியர் பங்காகப் பிடித்த அந்தத் தொகை உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். பிறகு கட்டினாலும் செலவாகக் கழிக்க முடியாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்துவிட்டது. மழையில் நெட்வொர்க் போய்விட்டது, கரன்ட் இல்லை என்ற காரணமெல்லாம் எடுபடாது. 10-ம் தேதியே கட்டிவிடுவது நம் மலைக்கு நல்லது.

தொழில் கணக்கில் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. விவசாயியிடம் அவர் விளைவித்த பொருளை வாங்கும்போது இதற்கு விலக்கு உண்டு. உங்கள் ஊழியர்களுக்கான தொழில் வரியையும் மறக்காதீர்கள். ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களிடம் பிடித்து உள்ளாட்சி அலுவலகத்தில் கட்ட வேண்டும். ஒருவருக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய்க்கு மேல் போகாது.

தோட்டத்தையே விற்றால்?

இங்கேதான் பெரிய தொகை அடிபடும். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் எது கிராமப்புறம்? நகராட்சி எல்லைக்குள் இருக்கும் நிலம் கிராமப்புறம் ஆகாது. 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரம் என்றால், அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலமும் ஆகாது. 2011 கணக்கெடுப்புப்படி ஊட்டி, குன்னூர் இரண்டும் இந்த வகைதான். பேரூராட்சியாக இருந்தாலும் மக்கள்தொகை 10,000 இருந்தால் இதே விதிதான்.

அந்த 2 கிலோமீட்டர், நேர்க்கோட்டுத் தூரம். நம் மலைப் பாதையில் ஆறு கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் இடம், பறவை பறக்கும் தூரத்தில் ஒன்றரை கிலோமீட்டராக இருக்கலாம். முன்பணம் வாங்கும் முன்பே அளந்து சான்று வாங்கிவிடுங்கள். வரி வரும் நிலம் என்றாலும் வழி உண்டு. இரண்டு ஆண்டுகள் நீங்களோ உங்கள் பெற்றோரோ விவசாயம் செய்த நிலமாக இருந்து, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்குக் கேட்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

• இலைச் சீட்டு, உர பில், கூலி நோட்டு மூன்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். இலைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று சரிபாருங்கள். அப்பா பெயரில் பட்டா, மகன் கணக்கில் பணம் என்று இருந்தால் பிறகு விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

• இலைப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கோடு கலக்காதீர்கள்.

• ஏ.ஐ.எஸ். பார்த்துவிட்டு, சரியான ஐ.டி.ஆர். ஃபாரத்தைத் தேர்ந்தெடுங்கள். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31.

• வேறு வருமானம் இல்லாத விவசாயியாக இருந்தாலும், வெளிநாட்டுப் பயணத்துக்கு வருடத்தில் 2 லட்சத்துக்கு மேலோ, மின் கட்டணத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேலோ செலவு செய்திருந்தால் ரிட்டர்ன் கட்டாயம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டப்படிதான் கணக்கு என்பதால், இங்கே சொன்ன எண்களை இந்த ரிட்டர்னுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டீச்சர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? 26,000 என்றதும் கொஞ்ச நேரம் சன்னல் வழியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “ஸ்கூல்ல பசங்க கிட்ட விடையை மட்டும் எழுதாதீங்க, வழிமுறையும் எழுதுங்கன்னு சொல்றவ நான். ஐ.டி.ஆர்-2 போடுங்க சார். பையனையும் கூட்டிட்டு வர்றேன். அவனும் கத்துக்கட்டும்.”

அடுத்த ஞாயிறு அம்மாவும் மகனும் வருகிறார்கள். வரும்போது மறக்காமல் அந்தக் கூலி நோட்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.